420-க்கு இடமாற்றம்

கேள்வி: குற்றவியல் நீதி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்குக் கல்லூரி நூலகம் கைகொடுக்குமா? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

பதில்: அலமாரியில் இருப்பது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்த இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. ஊரறிந்த 420 இப்போது 318(4). மோசடிக்காரர் அதே ஆள்தான், எண்ணுக்குத்தான் இடமாற்றம்.

அதற்காகப் பழைய நூலை எடைக்குப் போட்டுவிட முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றில் யாரோ ஒருவரின் கவனக்குறைவால் தொழிலாளி இறந்தால், பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. புதிய 106(1)-இல் 5 ஆண்டு. விபத்தின் தேதி தெரியாமல் புத்தகத்தைத் திறப்பது வீண்வேலை.

புள்ளிவிவரத்துக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை உண்டு. அதிலும் ஒரு சூட்சுமம்: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றையே அது எண்ணும். கொலையோடு திருட்டும் நடந்திருந்தால் திருட்டு கணக்கில் வராது! இதை அறியாமல் வரைபடம் போட்டவர்கள் ஏராளம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இணையத்தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். சட்டக் கல்லூரி நூலகமே வேண்டும் என்பவர்கள் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை; திருவள்ளூர் மாவட்டம் பட்டரைபெரும்புதூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.