சாரல் சுவடி: ஒரு மூலபாட ஆராய்ச்சி

இவ்வாய்வுக்கு மூலம் கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்று. கிடைத்த இடம் தென்காசியில் எங்கள் வீட்டுப் பரண், பழைய வாரப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில். இயற்றியவன் நான். காலம், ஞாயிறுதோறும் ஒரு மாடி அறையில் நடந்த கதை எழுதும் வகுப்புக்கு நான் போய்வந்த ஒரு குற்றாலச் சீசன். அதாவது ஆனி தொடங்கி ஆவணி முடிய. சுவடியின் நிலை சுமார். 14 முதல் 17 வரையுள்ள பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. செல்லரிப்போ என்று முதலில் ஐயுற்றேன். நிறத்தை வைத்துப் பார்த்ததில் பிரானூரில் கட்டி வாங்கிய புரோட்டாவின் சால்னா என்று தெளிந்தது.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமையில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். அவருக்கு ஒரு வசதி இருந்தது. 1887-இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது குறுக்கே பேசத் திருத்தக்க தேவர் உயிரோடு இல்லை. என் சுவடியின் ஆசிரியனோ பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்போதே நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்கிறான். அவன் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை.

ஆய்வுச் சிக்கல் இது: அந்த ஒரு சீசனில் மாணவன் வளர்ந்தானா? வளர்ந்ததாகவே கடைசிப் பக்கம் சொல்கிறது. 'இவ்வகுப்பால் என் பார்வை விசாலமடைந்தது' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. இது இடைச்செருகல். 'வகுப்பால் என்ன கிடைத்தது' என்று எழுதித் தரச் சொன்னதால், வகுப்பு முடிகிற நாளன்று எழுதியது. மை வேறு, நடை வேறு, என்னைக் கேட்டால் ஆளே வேறு. அதைத் தள்ளிவிட்டேன்.

எஞ்சியவற்றுள் கதைத் தொடக்கங்கள் ஏழு. முதல் ஆறும் சாரலில்தான் தொடங்குகின்றன. முதலாவதில் சாரல் பன்னீர் தெளிக்கிறது. இரண்டாவதில் பூத்தூவுகிறது. மூன்றாவதில் அவள் கூந்தலில் முத்துக் கோக்கிறது. 'அவள்' யார் என்பதற்கு அகச்சான்றும் இல்லை, புறச்சான்றும் இல்லை. ஐந்தாவதில் சாரல் அழுகிறது. ஆறாவதில் அலுத்துப்போய், 'சாரல் அடித்தது' என்று மட்டும் இருக்கிறது.

இந்நோய்க்கு முதற்காரணம் மலை என்பது என் துணிபு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே மழையைக் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் திருநெல்வேலி காய்ந்து கிடக்கும். செங்கோட்டைக் கணவாயில் மட்டும் மலை சற்றுத் தணிந்து வழிவிடுவதால், அந்த இடுக்கு வழியே காற்றும் தூறலும் நம் பக்கம் வந்துவிடுகின்றன. ஜன்னலைத் திறந்தால் சாரல் நோட்டிலேயே விழும் ஊரில் வேறெதை எழுதுவது?

இரண்டாம் காரணம் பேராசை. தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். குற்றாலத்தை எழுதி நிலம் வாங்கியவர் அவரோடு சரி. பின்னால் வந்த எங்களுக்கெல்லாம் ஈரத்துண்டுதான்.

இனி அடித்தல் பற்றி. குற்றாலத்தில் அடிப்பதற்கென்றே ஒரு மரபு உண்டு. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் 1954-இல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அருவியில் குளித்துவிட்டு அவரிடம் கவிதை கேட்க உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டை நிறுத்தி நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்; காதுக்கு ஒவ்வாவிட்டால் அது கம்பன் வாக்கே அல்ல, இடைச்செருகல். அப்படிக் களைந்தது போக நின்றதைத்தான் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். புலவர்கள் கொதித்தார்கள். அது நியாயமான கொதிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது; காதை மட்டும் நம்பி ஏட்டைத் திருத்துவது ஆபத்து. ஆனாலும் கம்பனுக்கே அடி விழுந்த ஊரில் எனக்கு விழாமல் இருக்குமா?

எங்கள் சார் சிவப்புப் பென்சில்காரர். சுவடியின் ஓரங்களில் அவர் எழுதியவை இரண்டே குறிப்புகள்: 'யாருக்கு?', 'பார்த்தீரா?'. ஆறாம் தொடக்கத்தை அவர் வகுப்பில் உரக்க வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு, "சாரல் அடிச்சா உம்ம வீட்ல என்னவே நடக்கும்?" என்றார்.

"குளுகுளுன்னு இருக்கும் சார்."

"அது சீசனுக்கு வந்தவன் சொல்லுதது. உம்ம வீட்ல என்ன நடக்கும்?"

பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இடைகழிக் கொடியில் மூன்று நாளாகக் காயாத பனியன் ஊசிப்போன சோறுபோல் மணத்தது. தீக்குச்சி நாலு உரசியும் பற்றவில்லை. அம்மா தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். உப்பு ஜாடி நீர்விட்டு, அலமாரித் தட்டில் வட்டமாக ஈரம் கட்டியிருந்தது. இத்தனை வருஷம் அந்த ஜாடியிலிருந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏழாம் தொடக்கம் வருமாறு: 'அம்மா உப்பு ஜாடியைச் சாய்த்து வைத்தாள்.'

அறிஞர்கள் இருவேறு பிரிவாக நிற்பது இங்கேதான். இதில் சாரல் என்ற சொல்லே இல்லை. ஆகவே இது வளர்ச்சியன்று, பொருள்மாற்றம் என்பது இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வந்த சகமாணவரின் கட்சி. சொல் போய்ச் சாரல் வந்தது என்பது என் கட்சி. சாரின் குறியோ இரண்டு கட்சிக்கும் இடம் தருகிறது. 'சரி' போடுவதுபோல் தொடங்கிய சிவப்புக் கோடு நீண்டு, 'சாய்த்து' என்ற சொல்லின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. அது சரியின் வாலா, அடித்தலா? சாரையே கேட்டுவிடலாம். கேட்டுவிட்டால் ஆராய்ச்சி முடிந்துபோகும் என்பதால் கேட்கவில்லை.

பரணிலிருந்து நோட்டை இறக்கிய அன்று அம்மாவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எங்கலே சாய்ச்சு வச்சேன்? சாய்ச்சா தண்ணியோட உப்பும்லா வந்துரும். அடியில தட்டுல்லா வச்சிருந்தேன்."