நெரிசல் நேரத்தில் போகாமல் காசு பார்ப்பது எப்படி?

வேலை செய்தால்தான் கூலி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை காரைத் தொடாமல் இருந்ததற்காகவே கூலி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஸூட்டர்மேர் என்ற ஊரிலிருந்து தி ஹேக் நகரத்துக்குப் போகும் ஏ12 நெடுஞ்சாலையில், 2006-ஆம் ஆண்டு, 340 பேரைச் சேர்த்துப் பத்து வாரம் நடத்திப் பார்த்தார்கள். நெரிசலைத் தவிர்த்த ஒவ்வொரு காலைக்கும் 3 முதல் 7 யூரோ. பணம் வேண்டாம் என்றால் சாலை நிலவரம் சொல்லும் ஒரு ஸ்மார்ட்போன். ஐபோன் கடைக்கு வராத காலம் அது. போனை எடுத்துக்கொண்டவர்களைக் குறைசொல்ல முடியாது.

இப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கும் வரலாம். தண்டம் விதித்தால் மறியல் நடக்கும், பரிசு கொடுத்தால் போஸ்டர் ஒட்டலாம் என்பது எல்லா அரசாங்கத்துக்கும் தெரியும். ஆகவே இப்போதே தயாராகிவிடுவது நல்லது.

முதல் வேலை, தகுதி பெறுவது. இது பலருக்குப் புரிவதில்லை. நெரிசலைத் தவிர்ப்பதற்குப் பணம் வேண்டுமென்றால், நீங்கள் நெரிசலில் போகிறவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். டச்சுக்காரர்கள் விவரமானவர்கள். வழக்கமாக அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போகிறவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் பழைய போக்குவரத்தை அளந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு குறைத்தீர்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். எனவே திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து, தேவை இருக்கிறதோ இல்லையோ, காலை எட்டரைக்கு வண்டியைக் கிளப்பிவிடுங்கள். கேமரா இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். பேருந்தில் போய்க்கொண்டிருப்பவர்கள் உடனடியாகக் கார் வாங்கவும். நல்லவராக இருந்து தொலைத்தால் இந்தத் தொழிலில் முதலே தேறாது.

அந்தப் பத்து வாரத்தில், சேர்ந்தவர்களின் நெரிசல் நேரக் கார் பயணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெரும்பாலோர் ரயிலுக்கு மாறிவிடவில்லை. அதே காரில் முன்னாலோ பின்னாலோ போனார்கள், அவ்வளவுதான். பணம் நின்றதும் பெரும்பாலோர் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூலி நின்ற வேலையை யார் தொடர்ந்து செய்வார்கள்?

அடுத்தது எல்லைக்கோட்டு வித்தை. இதைக் கற்றுக்கொள்ளச் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். அங்கே 1975 ஜூனில், காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை நகர மையத்துக்குள் கார் நுழைய நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று சீட்டு வைத்தார்கள். ஒன்பதரைக்கு இலவசம் என்றால் என்ன நடக்கும்? ஒன்பதரைக்குப் பிறகு இன்னொரு நெரிசல் முளைத்தது. ஆகஸ்டிலேயே கெடுவைப் பத்தேகால் வரை நீட்டினார்கள். 1998-இல் மின்னணு முறை வந்தது. சாலைக்கு மேலே வளைவு, காருக்குள் கருவி, அரைமணிக்கு ஒரு கட்டணம். கட்டணம் ஏறும் முன் பிடித்துவிட வேண்டும் என்று சிலர் பறந்தார்கள். இறங்கட்டும் என்று சிலர் வளைவுக்குச் சற்று முன்னால் ஊர்ந்தார்கள், ஓரங்கட்டி நின்றார்கள். கடைசியில் 2003-இல், கட்டணம் மாறும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு இடைக்கட்டணம் ஒன்றைச் செருகினார்கள். நாலு காசு மிச்சப்படுத்த விரைவுச்சாலையின் ஓரத்தில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவரைப் பற்றிப் பொருளாதாரப் பாடநூல்களில் தனி அத்தியாயம் இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கைக்கடிகாரத்தைச் சாலைத் துறையின் கடிகாரத்தோடு ஒத்துவைத்துக்கொள்வது.

காசு கொடுக்கவும் மனமில்லை, நேரத்தை மாற்றவும் முடியாது என்பவர்கள் ஆள் சேர்க்கலாம். சிங்கப்பூரின் அந்தப் பழைய திட்டத்தில் ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேர் இருந்தால் கார் இலவசம். உடனே பேருந்து நிறுத்தங்களில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. முன்பின் தெரியாதவர்களை அழைத்து ஏற்றிக்கொள்ளும் பெருந்தன்மை ஓட்டுநர்களுக்குப் பொங்கி வந்தது. பேருந்துக் காசு மிச்சம் என்று அவர்களும் ஏறினார்கள். 1989-இல் இந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பெருந்தன்மையும் அதோடு போயிருக்கும்.

ஜகார்த்தா இன்னும் ஒரு படி மேலே போனது. முக்கியச் சாலைகளில் காருக்குள் மூன்று பேர் இருந்தாக வேண்டும் என்ற விதி, அங்கே 'ஜாக்கி' என்றொரு வேலையை உண்டாக்கியது. சாலை தொடங்கும் இடத்தில் விரலை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். ஏற்றிக்கொண்டு போய், விதி முடியும் இடத்தில் கூலி கொடுத்து இறக்கிவிட வேண்டும். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணை ஏற்றினால் இரண்டு தலை. குழந்தைகளை இப்படிப் பயன்படுத்துகிறார்களே என்ற கண்டனத்துக்கு நடுவே 2016-இல் விதியையே கைவிட்டார்கள். வாடகைப் பயணிகளை வைத்து நடந்த நாடகம் தொலைந்தது, இனி என்ன கெட்டுப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் கூகுள் வரைபடத் தரவை வைத்துப் பார்த்தபோது, காலையில் ஒரு கிலோமீட்டர் கடக்க 2.1 நிமிடமாக இருந்தது 3.1 ஆகியிருந்தது, மாலையில் 2.8 நிமிடம் 5.3 ஆகியிருந்தது. அதாவது அத்தனை தில்லுமுல்லுக்கு நடுவிலும் அந்த விதி வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சாலையில் நெரிசல் என்பது கடைசியாக வந்து சேரும் கொஞ்சம் வண்டிகளால் ஆவது. அந்தக் கொஞ்சத்தை விலக்கினால் போதும். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்ட மறுநாள் சென்னையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வசதி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. சிங்கப்பூரிலேயே சிவப்பு எண்பலகைக் கார் உண்டு. வார நாட்களில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரைதான் அதை எடுக்கலாம். சனி ஞாயிறு தடையில்லை. வாங்கும்போது 17,000 வெள்ளி வரை தள்ளுபடி. காரை வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கிடைக்கும் சம்பளத்தில் இதுதான் உலகத்திலேயே அதிகம் என்பது என் எண்ணம்.

இத்தனையிலும் எனக்குப் பிடித்தது பெங்களூரில் நடந்ததுதான். ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம், 2008 அக்டோபர். கணினி வலைப்பின்னல்களில் ஏற்படும் நெரிசலை ஆராயும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர், இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரு திட்டம் தொடங்கினார். எட்டரைக்கு முன் உள்ளே வந்தால் புள்ளி. புள்ளிகளை வைத்து வாராவாரம் குலுக்கல். 500 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் வரை பரிசு. மொத்தப் பரிசுத்தொகை வாரத்துக்குச் சுமார் ஒரு லட்சம். திட்டத்துக்குள் இருந்தவர்கள் சுமார் 14,000 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழு ரூபாய் வரும். ஏழு ரூபாய் தருகிறேன், விடியற்காலையில் எழுந்திரு என்று ஒரு மென்பொறியாளரிடம் சொல்லிப் பாருங்கள். அதே ஏழு ரூபாயைக் குலுக்கலில் போட்டதும், நெரிசலுக்கு முன்பே வந்து சேர்பவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். பேருந்தில் வருபவர்களின் சராசரிக் காலைப் பயணம் 71 நிமிடத்திலிருந்து 54 நிமிடத்துக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிச் சீட்டை ஒழித்துவிட்டோம். அந்தப் பசி எங்கே போய்த் தங்கியது என்று யோசிப்பவர்களுக்கு இதோ ஒரு தடயம்.

இன்ஃபோசிஸ் திட்டத்தின் நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. காலங்காலமாக ஏழரைக்கே வந்துகொண்டிருந்தவருக்கும் புள்ளி உண்டு. அதனால்தான் அதைப் பரிசு என்று சொல்ல முடிகிறது. மற்றவை பெரும்பாலும் தொல்லை தராமல் இருப்பதற்குக் கொடுக்கும் மாமூல்.

ஆகவே குலுக்கல் என்றால் தயங்காமல் சேருங்கள். சீக்கிரம் போய் என்ன செய்வது என்று கவலைப்படாதீர்கள். கேன்டீனில் பொங்கல் சூடாக இருக்கும், வடை தீர்ந்திருக்காது. வண்டி நிறுத்த நிழல் கிடைக்கும். ஆனால் மேலாளரிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது. ஏழரைக்கு வருவது தெரிந்தால் எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பார். ஐந்து மணிக்குக் கிளம்பினால் அரைநாள் விடுப்பா என்று கேட்பார். பிள்ளையை எட்டரை மணிப் பள்ளியில் இறக்கிவிட வேண்டியவர்கள், ஒன்பது மணிக்கு விரல் ரேகை வைக்க வேண்டியவர்கள் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிடலாம். உங்களுக்கு எத்தனை யூரோ கொடுத்தாலும் மணி அடிப்பவர் வேறு. அவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்று எளிதில் யாருக்கும் தோன்றுவதில்லை.

கடைசியாக, பழைய கணக்குக் கேட்கும் திட்டங்களில் சேரும் படிவத்தைப் பற்றி. 'இதற்கு முன் பயணம் செய்த நேரம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். தரை துடைக்கும் அக்கா, முதல் பேருந்தைப் பிடித்து ஆறு மணிக்கே வந்துவிடுகிறவர், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று உங்களிடம் கேட்கக்கூடும். "உங்களுக்கு இது கிடையாதுக்கா" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், நீங்கள் இதுவரை யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லையே என்று விளக்கிவிடுங்கள்.