கீலுக்கு எதுக்குலே கல்யாணச் சிங்காரம்?

ஏலே மக்கா, இங்கன வா. செத்த உக்காரு. போனைக் கீழ வையி. விடிஞ்சதுல இருந்து அதையே தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கியே, அப்படி என்னதான் தேடுத? பாத்ரூம் கதவுக்குக் கீலா? மூணு நாளாவா? உங்க அப்பனுக்குப் பொண்ணு பாக்க நான் ஒரே ஒரு மத்தியானந்தாம்லே போனேன்.

எங்க, காட்டு பாப்போம். இது என்னது, அடுப்புக்கரி கணக்கா? மேட் பிளாக்கா. இது? ரோஸ் கோல்டு! ஏலே கோட்டி, கதவைச் சாத்தினா கீலோட ரெண்டு எலையும் நிலைக்கும் கதவுக்கும் நடுவுல ஒளிஞ்சிக்கிடும். வெளிய தெரியப்போறது விரல் தண்டிக்கு ஒரு முட்டு. அதைப் பாக்க யாரு வரப்போறா? சம்பந்தி வீட்டாளுவளைக் குளிக்குத எடத்துக்குள்ள கூட்டிட்டுப் போயி, கீலைக் காட்டியா தாம்பூலம் மாத்தப்போறோம்? அந்தக் கருப்பெல்லாம் மேல பூசின பூச்சு. அடியில சாதா இரும்பா இருந்தா, ஒரு கீறல் போதும், உள்ள இருக்கது எட்டிப் பாத்துரும்.

இன்னொண்ணு வச்சிருக்கியே, தன்னால மெதுவா மூடுத கீலு. தள்ளிவிட்டா மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடி அசைஞ்சு வந்து சாத்திக்கிடுமாம். வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஓடுதவன் அதுவரைக்கும் தாங்குவானா?

எந்திரி. கதவை வந்து பாரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டே பாரு.

மேல உள்ள கீலு பளபளன்னு இருக்கு. நடுவுல உள்ளது லேசாப் பழுத்திருக்கு. கீழ உள்ளது? பப்படம் பொரிஞ்ச மாதிரி உப்பி, நகத்தை வச்சு நிமிண்டினா ஏடு ஏடா உரியுது. நிலையில செங்காவிக் கோடு வேற ஒழுகிக் கெடக்கு. மூணும் ஒரே பொட்டியில வந்தது. ஒரே நாள்ல, ஒரே ஆசாரி பூட்டினது. பின்ன ஏன் கீழ உள்ளவனுக்கு மட்டும் இந்தக் கதி? நீ வாளி எங்க வச்சிருக்க? மொண்டு ஊத்துத தண்ணி எங்க தெறிக்கு? சரி, கதவுக்குப் பின்னால நிக்கே, அந்த ஆசிட் பாட்டில், அது யாரு வச்சது? மூடி கொஞ்சம் லூசா இருந்தாப் போதும், அதோட ஆவி பக்கத்துல இருக்க இரும்பைத் தின்னும். எவர்சில்வரையே விடாது. எலியைப் பானைக்குள்ள வச்சுக்கிட்டு, நெல்லு எங்கன்னு தேடுத ஆளு நீ.

துருவுக்கு ஒரு கொணம் உண்டு. இரும்பு துருவாச்சுன்னா ரெண்டு மடங்குக்கு மேல பெருத்துரும். கீலு உப்பினா கதவு தள்ளும், நிலையில உரசும். போன மாசம் கதவு ஊறிப்போச்சுன்னு சொல்லி இழைப்புளி போட்டுச் செதுக்கினியே, நல்ல தேக்கு, அது என்னலே பாவம் பண்ணிச்சு?

நம்ம ஆறுமுகநேரியில காத்தே உப்பு. போர்த் தண்ணியும் உப்பு. இங்க உப்பளத்துல உப்பு வாருதவன் கையில இன்னைக்கும் மரப்பலகைதான். அந்தக் காலத்து வீட்டுக் கதவுக்குக் கீலே கெடையாது தெரியுமா? கதவு மரத்துலயே மேலயும் கீழயும் குடுமி வச்சு, கல்லுக் குழியில எறக்கிருவான். கிர்ர்னு சத்தம் போடும். போடட்டுமே. திருடன் வந்தாத் தெரியும்லா?

இதைச் சொன்னா, தில்லியில குதுப்மினார் பக்கத்துல ஒரு இரும்புத்தூண் 1600 வருசமா நிக்கு, அதுல ஏன் தாத்தா துரு ஏறலங்க. அந்த இரும்புல பாஸ்பரஸ் சாஸ்தியாம். இருக்கட்டும். அதுக்குப் பின்னால எவனாவது ஆசிட் பாட்டில் வச்சானாலே?

வாங்கப்போறது துருப்பிடிக்காத எஃகு. ஆனா அதுலயும் சாதி இருக்கு. 202-ன்னு ஒண்ணு, வெலை கம்மி. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைச் சேத்தது. உப்புக் காத்துக்கு வெரசாப் புள்ளி விழுந்துரும். 304-ல நூத்துக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். வீட்டுக்கு அது போதும். கடலைப் பாத்த வீடா இருந்து, கையில காசும் இருந்தா 316. காந்தம் ஒட்டலைன்னா நயம் சரக்குன்னு ஒருத்தன் வீடியோவுல சொன்னான்னியே, 202 மேலயுந்தாம்லே காந்தம் ஒட்டாது. காந்தம் இரும்பைக் காட்டிக் குடுக்கும், அம்புட்டுத்தான். பில்லுல நம்பர் எழுதச் சொல்லு. எழுதக் கடைக்காரன் தலையைச் சொறிஞ்சான்னா, நீ அடுத்த கடைக்கு நடையைக் கட்டு.

எல்லாத்தையும் விசாரிச்சியே, ஸ்குருவை விசாரிச்சியா? 304 கீலை வாங்கி, வீட்டு டப்பாவுல கெடந்த இரும்பு ஸ்குருவைப் போட்டு முடுக்குவான் ஒருத்தன். பித்தளைக் கீலுக்கும் இதே சோலிதான் பாப்பான். தண்ணி பட்டா, பக்கத்துல ஒசந்த உலோகம் இருக்கப்போ இரும்புதான் முதல்ல கரையும். பட்டு வேட்டியைச் சணல் கயித்தால கட்டின கதை. கீலு எதுவோ, ஸ்குருவும் அதே.

மாத்துதது ஒரு மணி நேர வேலை. கதவுக்கு அடியில ஆப்பு வையி. மூணையும் ஒண்ணாக் கழத்திராத, கதவு காலுல விழும். ஒண்ணைக் கழத்து, ஒண்ணைப் பூட்டு. ஸ்குரு அசையலையா? தலையில இருக்க பெயிண்டை ஆணியால சுரண்டி, ரெண்டு சொட்டு மிசின் எண்ணெய் விட்டுட்டு ராத்திரி நிம்மதியாத் தூங்கு. காலையில திருப்புளியை வச்சுச் சுத்தியால ரெண்டு தட்டு தட்டிட்டுத் திருகு, எளகும். ஓட்டை பெருத்திருந்தா மூங்கில் சிம்பைப் பெவிகால்ல முக்கி அடைச்சு, காஞ்சப்புறம் முடுக்கு. இதுக்கும் வீடியோ பாக்கணும்னா பாரு, யாரு வேண்டாங்கா?

ஆசிட் பாட்டிலை இப்பவே எடுத்து வெளிய, புள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல வையி. பழைய கீலு ஒண்ணைக் கழத்திப் பையில போட்டுக்கோ. அளவு, கனம், ஓட்டை இருக்க எடம் எல்லாம் அதுலயே இருக்கு. கடைத்தெருவுக்குப் போயிட்டு வா. போனு இங்கனயே கெடக்கட்டும்.