சாம்பிளா, சுருட்டலா?

ஏழு விநாடி மட்டும் வெட்டி என் பீட்டுக்கு அடியில் போட்டால் அது திருட்டு இல்லையாமே?
– வாசகர், திண்டிவனம்

விக்கிரவாண்டி டோல்கேட்டை ஏழே விநாடியில் தாண்டினால் விழுப்புரத்துக்கு இலவசமாகவா விடுகிறார்கள்? 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் விநாடிக் கணக்கே கிடையாது. மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. இரண்டு கதவையும் தட்ட வேண்டும்.

நம்ம இசையை அமெரிக்காக்காரர்கள் எடுத்ததே இல்லையா?
– வாசகி, விழுப்புரம்

எடுக்காமலா? 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு, 2003இல் பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ஆல்பத்தில் ஒலித்தது. ராகவேந்திரரின் மந்திராலயம் வராமலே பிரசாதம் வாங்கியவர்கள்!

'ஜோதி' (1981) இந்திப் படத்துக்கு பப்பி லஹிரி இசைத்த பாட்டு, 2002இல் அங்கே 'அடிக்டிவ்' என்ற ஹிட்டுக்குள் புகுந்தது. அவர் பெயரைப் போடாமல் விற்கக்கூடாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் கோடு எங்கேதான் இருக்கிறது?
– அதே வாசகி

கேட்டுவிட்டு எடுத்தால் சாம்பிள். எடுத்துவிட்டுக் கேட்டால் மன்னிப்பு. கேட்கவே இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்!