இடமிருந்து 20 மில்லிமீட்டர்

ஈரோட்டில் ஒரு நூல் கடையில் 1993-ல் வேலைக்குச் சேர்ந்தேன். செக் புத்தகத்தைத் தொட எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை, கணக்குப்பிள்ளை ஐயா எழுதி முடித்த செக்கின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அமுக்குவது மட்டும்தான் என் பொறுப்பு. அதற்கும் தினம் ஒரு பாடம் உண்டு: “தேய்க்காதீங்க தம்பி, ஒத்தி எடுங்க.”

ஐயா செக் எழுதுவதைப் பார்க்க வேண்டும். பீரோவிலிருந்து புத்தகத்தை எடுப்பார். புதுப் புத்தகமாக இருந்தால் முதல் அடிக்கட்டையின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. பிறகு அடிக்கட்டையைத்தான் முதலில் நிரப்புவார். செக்கை எழுதிக் கிழித்துக் கொடுத்த பிறகு அடிக்கட்டை எழுதுகிறவன் கணக்கன் இல்லை என்பது அவர் கட்சி. இடது மேல்மூலையில் இரண்டு சாய்கோடு, நடுவே ‘அக்கவுண்ட் பேயீ’. பார்ட்டியின் பெயர் அச்சடித்த ‘பே’ என்ற சொல்லை ஒட்டியே தொடங்கும். எண்ணால் எழுதும் தொகை கட்டத்தின் இடது ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தால் எழுதும் தொகை ‘ஒன்லி’ என்று முடிந்ததும், மிச்சமுள்ள இடம் முழுக்க ஒரு நீளக் கோடு.

“இடம் விட்டீங்கன்னா அதுல இன்னொருத்தன் வந்து குடியேறிருவான் தம்பி.”

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கையால் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. இங்கிலீஷில் நாற்பதுக்கு ‘யு’ கிடையாது, தொண்ணூறுக்கு ‘இ’ உண்டு, லட்சத்துக்கு எந்த ஸ்பெல்லிங் போட்டாலும் கடைசிவரை அதையே போடு. அவ்வளவுதான். அதுதான் அன்றைய எங்கள் மென்பொருள். கரண்ட் போனாலும் ஓடும்.

ஒரு செக்குக்கு ஒரு நிமிடம். சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முப்பது செக் என்றால் டீயோடு சேர்த்து முக்கால் மணி நேரம். அதன் பிறகு முதலாளியின் சாஸ்திரம் தொடங்கும். காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம், பேனா மூடியைத் திறக்க மாட்டார். அதற்குப் பிறகும் அவசரப்பட மாட்டார். வங்கி மூடிய பிறகு பார்ட்டி கையில் செக் போனால் ஞாயிறு நம்முடையது. திங்கள் போட்டால் கிளியரிங் ஆக இன்னும் ஒரு நாள் நம்முடையது. வெளியூர் செக் என்றால் தபாலில் போய்ச் சேர்ந்து திரும்பும்வரை எல்லா நாளும் நம்முடையது. பணம் இல்லாத நாட்களில் நாட்களையே பணமாக வைத்து வியாபாரம் செய்தவர் அவர்.

2009-ல் முதலாளியின் மகன் படிப்பை முடித்துக் கடைக்கு வந்தார். ஐயா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் நான். சின்னவர் முதல் வாரமே சொன்னார்: “இன்னும் கையில செக் எழுதிட்டு இருக்கறது நல்லாயில்லைங்ண்ணா. கம்ப்யூட்டர்லயே அடிச்சுரலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

உண்மைதான். இரண்டு நிமிட வேலை. அதற்கு முன்னால் பதினோரு நாள் வேலை ஒன்று இருந்தது.

கணக்கு மென்பொருளில் வங்கி லெட்ஜரைத் திறந்து, செக் அச்சிடும் அமைப்புக்குள் போனால் ஒரு கேள்வித்தாள் வரும். செக்கின் அகலம் என்ன, உயரம் என்ன? தேதி மேலிருந்து எத்தனை மில்லிமீட்டர், இடமிருந்து எத்தனை? பார்ட்டி பெயர்? எழுத்துத் தொகையின் முதல் வரி எங்கே, இரண்டாம் வரி எங்கே? எண் தொகை? கையெழுத்துக்கு மேலே கம்பெனி பெயர் வேண்டுமா? ஐயாவின் விரல் கேட்காமலே செய்த எல்லாவற்றையும் அது என்னிடம் கேட்டது. எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பதினைந்து வருடம் செக் எழுதியவன், தேதி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் அளந்ததில்லை.

ஏழாவது படித்த மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலைக் கடன் வாங்கினேன். எங்களுக்கு மூன்று வங்கிகளில் கணக்கு. மூன்று செக்கும் மூன்று ஜாதி. ஒன்றில் தேதிக்குக் கோடு, ஒன்றில் புள்ளிகள். ஒன்றில் தொகைக் கட்டம் அரை அங்குலம் கீழே. மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, அதே அளவுக்குக் கத்தரித்து, அச்சடித்து, நிஜச் செக்கோடு சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கடைக்கு வந்தவர்கள் நான் கள்ள நோட்டைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

எந்த எண்ணைக் கொடுத்தாலும் எல்லாம் அரை சென்டிமீட்டருக்கு இடது பக்கமாகவே தள்ளி விழுந்தது. மென்பொருளைத் திட்டினேன், பிரிண்டரைத் திட்டினேன். நான்காம் நாள் மகள் வந்து பார்த்தாள். “அப்பா, ஸ்கேல் ஓரத்துல இருந்து அளக்கறீங்க. பூஜ்ஜியம் கொஞ்சம் உள்ளேதான் ஆரம்பிக்குது.” ஸ்கேலின் விளிம்புக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவே சின்னதாக ஒரு வெற்றிடம். இடம் விட்டிருந்தார்கள், அதில் நான்கு நாளாக நான் குடியிருந்தேன்.

அடுத்தது ரூபாய். செக்கில் ஏற்கெனவே ‘ருப்பீஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. நம் மென்பொருள் தன் பங்குக்கு ‘இந்தியன் ருப்பீஸ்’ என்று தொடங்கியது. ‘ருப்பீஸ் இந்தியன் ருப்பீஸ் ஒன் லேக்’ என்று பார்க்க, ஏதோ சந்தேகப் பேர்வழி சத்தியம் செய்வதுபோல் இருந்தது. அதை அடக்க இன்னொரு நாள். பிறகு பெயர்கள். எங்களுக்கு நூல் தரும் மில்களில் ஒன்றின் பெயர் ‘ஸ்ரீ’யில் தொடங்கி, மூன்று சாமிகளைக் கும்பிட்டு, ‘பிரைவேட் லிமிடெட்’டில்தான் மூச்சு விடும். ஐயா எழுத்தைச் சிறிதாக்கி எல்லா சாமியையும் உள்ளே உட்கார வைப்பார். மென்பொருளோ கட்டம் முடிந்த இடத்தில் கதவைச் சாத்தியது: ‘பிரைவேட் லிமி’.

நிஜத் தாளை வைத்து அடித்த அன்று இன்னொரு பாடம். செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். செக் எண், ஊர்-வங்கி-கிளை எண் எல்லாம் அதில் காந்த மையில் அச்சாகியிருக்கும். அதைப் படிப்பது இயந்திரம். அங்கே நாம் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. நான் உயரத்தில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டதில், எங்கள் கம்பெனி பெயர் கம்பீரமாக அந்தப் பட்டையில் போய் உட்கார்ந்தது. அடுத்த தாள் கோணலாக நுழைந்து கசங்கியது. அதனால் மென்பொருளில் ஓடும் செக் எண்ணுக்கும் தாளில் உள்ள எண்ணுக்கும் ஒன்று வித்தியாசம். அதைச் சரிசெய்யப்போய் இன்னும் இரண்டு. பதினோரு நாளில் நான் பாழாக்கியவை இருபத்துமூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டு ‘கேன்சல்டு’ என்று எழுதி, அடிக்கட்டையோடு பின் அடித்து வைத்தேன். அந்த எழுத்து மட்டும் மிக நேர்த்தியாக அமைந்தது.

கடைசியில் வந்துவிட்டது. பேயீ இடமிருந்து 20 மில்லிமீட்டர். அந்த வருட ஆயுத பூஜைக்குப் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம். பொரி வாங்க வந்த ஐயாவிடம் ஒரு செக்கைக் காட்டினேன். விரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார்; மை கரையவில்லை. தொகையின் இருபுறமும் இருந்த நட்சத்திரக் குறிகளைக் காட்டி, “இது எதுக்குங்க?” என்றார்.

“முன்னால பின்னால யாரும் நம்பர் சேர்த்துடாம இருக்கறதுக்குங்க.”

“அப்ப இது நம்ம கோடுதான்,” என்று பொரியை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று லேஅவுட்டும் மூன்று வருடம் முழுதாக நிற்கவில்லை. காகிதம் ஊர் ஊராகப் போகாமல் அதன் படம் மட்டும் போகும் சி.டி.எஸ். முறை 2011-ல் சென்னைக்கு வந்தது. பின்னாலேயே புதுச் செக்குகள் வந்தன: எல்லா வங்கிக்கும் ஒரே அளவு, 202-க்கு 92 மில்லிமீட்டர், தேதிக்கு எட்டுக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு எண். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய சலுகையும் போயிற்று. 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுளே ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. நான் மறுபடி ஸ்கேலை எடுத்தேன். இம்முறை பூஜ்ஜியத்திலிருந்து அளந்தேன். தேதி எண்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று மென்பொருளும் புதிதாக ஒரு கேள்வி வைத்திருந்தது. இரண்டே நாளில் முடித்தேன். அப்படி ஒரு அச்சு! எட்டு எண்ணும் எட்டுக் கட்டத்தில், பந்தியில் இலை போட்டதுபோல.

முடித்து நிமிர்ந்து பார்த்தால் செக் வாங்க ஆளில்லை. “அக்கவுண்ட்ல போட்டு விட்ருங்கண்ணா” என்கிறார்கள் பார்ட்டிகள். சனிக்கிழமைப் பட்டுவாடா இப்போது ஒரு எக்செல் ஃபைல். வங்கித் தளத்தில் ஏற்றினால் டீ வருவதற்குள் முடிந்துவிடுகிறது. எப்போதாவது பெரிய தொகைக்குச் செக் அடித்தால், 2021-ல் வந்த பாசிட்டிவ் பே ஏற்பாட்டின்படி அதே எண், அதே தேதி, அதே பெயர், அதே தொகையை வங்கிக்குத் தனியாக இன்னொரு முறை சொல்ல வேண்டும். கையால் எழுதும் நேரத்தை மிச்சப்படுத்தி, அதைத் தட்டச்சு செய்வதில் செலவழிக்கிறோம். 2025 அக்டோபர் முதல் செக் போட்ட சில மணி நேரத்திலேயே பணம் கைமாறிவிடுகிறது. பெரிய முதலாளி இருந்திருந்தால் இதை மட்டும் மன்னித்திருக்க மாட்டார்.

ஆனால் செக் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரம் தவறாமல் எங்களிடம் ஒரு தாள் கேட்கிறார்கள். புதிதாகச் சரக்கு அனுப்பும் கம்பெனி கேட்கிறது, கடன் தரும் நிறுவனம் கேட்கிறது, ஏதாவது ஒரு பதிவுக்கு விண்ணப்பித்தால் அங்கே கேட்கிறார்கள். பெயர் வேண்டாம், தேதி வேண்டாம், தொகை வேண்டாம்.

கேன்சல்டு செக்.

அதற்கு என் லேஅவுட்டில் இடமில்லை. ஸ்கேலை வைத்துக் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன். பாழாக்கிய அந்த இருபத்துமூன்று தாள்கள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. ஒருநாள் ஆசையாக எடுத்து ஒன்றை நீட்டினேன். எதிர்ப்பக்கத்துப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பழைய செக்குங்க சார். செல்லாது,” என்றான்.

கேன்சல் செய்த செக்கைச் செல்லாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். வாங்கிவந்து, அதன் அடிக்கட்டையோடு மறுபடி பின் அடித்து வைத்தேன்.