உலகத்தைக் காக்கப் போய்ப் பழைய இரும்பு பொறுக்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாம்பார் சாதம் வயிற்றில் உட்கார்ந்து கண்ணைச் செருக வைக்கும் நேரம். அக்கா மகன் கேட்டான், “மாமா, இப்ப என்ன கேம் ஓடுது?”

“ஸ்கைரிம்தான் மாப்பிள்ளை. நமக்கு ஆர்பிஜி தவிர வேற எதுவும் ஒத்துவராது.”

“ஸ்கைரிம் எல்லாம் ஆர்பிஜியே இல்ல மாமா. பெரிய மைதானம். அவ்வளவுதான்.”

வருஷா வருஷம் வரி கட்டி வரும் வீட்டின் பத்திரமே போலி என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? தூக்கம் போய்விட்டது. அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “என்னது, எல்பிஜியா? இன்னும் புக் பண்ணலையா நீங்க?”

ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம், வேடம் கட்டி ஆடும் ஆட்டம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்குக் கணினி வேண்டாம். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை போதும். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து “நான் திருடன், நீ மந்திரவாதி” என்று பிரித்துக்கொள்வார்கள், ஒருவர் கதை சொல்லுவார். ஓப்பன் வேர்ல்ட் வேறு குடும்பம். அங்கே ஒரு பெரிய நாட்டையே கொடுத்து, எந்தத் திசையில் வேண்டுமானாலும் போ என்று அவிழ்த்து விடுவார்கள். இந்த இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. எந்தச் சம்பந்தத்தில்தான் இல்லை?

“ஸ்கைரிம்ல லெவல் ஏறுதே, அது ஆர்பிஜி இல்லாம வேற என்ன?” என்று முதல் கல்லை விட்டேன்.

“எண் ஏறினா ஆர்பிஜியா? அப்ப சான் ஆண்ட்ரியாஸும் ஆர்பிஜிதான். ஒத்துக்கிறீங்களா?”

இங்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 2004இல் வந்த அந்த ஜிடிஏவை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியவன் நான். (கடைக்காரருக்கு எல்லா ஜிடிஏவும் ‘வைஸ் சிட்டி’தான். திருத்தினால் கோபப்படுவார்.) சான் ஆண்ட்ரியாஸின் நாயகன் சிஜே பர்கர் தின்றால் தொப்பை போடுவான், அளவு மீறினால் வாந்தி எடுப்பான். ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறும். சைக்கிள் மிதிக்க மிதிக்க சைக்கிள் திறமை கூடும், தண்ணீருக்குள் முங்க முங்க மூச்சடக்கும் திறமை கூடும். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கடையில் ஆர்பிஜி என்று யாராவது சொன்னால் அது தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குழாய்தான்.

எனவே எண்ணை விட்டுவிட்டு, “விருப்பம்” என்றேன். நாமே முடிவெடுக்க வேண்டும், நாமே பேசுவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“ஃபால்அவுட் 4 ஆடினீங்களே மாமா. என்ன முடிவெடுத்தீங்க?”

இவன் இதை எடுத்திருக்க வேண்டாம். 2015இல் வந்த ஆட்டம். கதைப்படி அணுகுண்டு விழுந்து, நாம் உறைபெட்டியில் கிடக்க, கண்ணெதிரே வாழ்க்கைத் துணையைச் சுட்டுக்கொன்று கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். குழந்தையைத் தேடி பாஸ்டன் இடிபாடுகளுக்குள் போகிறோம். பேச நாலு பதில் கொடுப்பார்கள்: சரி, வேண்டாம், என்ன விஷயம், கூடவே ஒரு நக்கல். பெரும்பாலும் நாலும் சுற்றிச் சுற்றி ‘சரி’யிலேயே போய் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி “உங்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்பது மாதிரி.

அது கிடக்கட்டும். நான் செய்ததுதான் கேவலம். அந்த ஆட்டத்தில் குப்பைக்கும் மதிப்பு உண்டு. மேஜை விசிறியைப் பிரித்தால் திருகாணி கிடைக்கும், பசை டப்பா கிடைத்தால் துப்பாக்கியை மேம்படுத்தலாம். முதல் வாரம் குழந்தையைத் தேடினேன். இரண்டாம் வாரத்திலிருந்து மேஜை விசிறியைத் தேடினேன். தேநீர் கொண்டுவந்த மனைவி திரையைப் பார்த்து நின்றாள்.

“குழந்தை கிடைச்சுதா?”

“இல்ல, இப்ப பசை தேடிக்கிட்டு இருக்கேன்.”

“பெத்த குழந்தையைக் காணோம், இவர் பழைய இரும்பு பொறுக்கிட்டு இருக்கார். இன்னும் பேரீச்சம்பழம்தான் குடுக்கலை.”

அந்தக் குழந்தை மேல் எனக்கு நிஜமாகவே பாசம் இருந்தது என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

“விட்சர் 3 மாதிரி இருக்கணும் மாமா” என்றான் மாப்பிள்ளை. அதுவும் 2015தான், போலந்துக்காரர்கள் செய்தது. கெரால்ட் என்ற வெள்ளை முடிக்காரர், காசு வாங்கிக்கொண்டு பேய் பிசாசு ஓட்டுபவர், வளர்ப்பு மகளைத் தேடி அலைகிறார். (இந்த ஆட்டங்களில் பிள்ளைகள் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.) இன்று ஒருவரை விட்டுவிட்டால் நாலு ஊர் தள்ளி அதன் பலன் எதிரே வந்து நிற்கும். எல்லாம் சரி, ஆனால் அவர் எப்போதும் கெரால்ட்தானே? அவருக்கென்று ஒரு முகம், ஒரு குரல், பழைய காதலிகள் எல்லாம் முன்பே இருக்கிறார்கள். நான் எங்கே உள்ளே நுழைவது? ஸ்கைரிம் என்றால் மூக்கைக்கூட நானே வைக்கலாம். அந்த மூக்குக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். பிறகு தலைக்கவசம் போட்டுவிட்டதால் அதை நான் மறுபடி பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

“கூத்துல துரியோதனன் வேஷம் கட்டுறவர், எனக்குப் பிடிச்ச மாதிரி மூக்கு வச்சுக்கிறேன், பதினெட்டாம் நாள் சாகமாட்டேன்னு சொல்வாரா மாமா? குடுத்த வேஷத்தை எப்படிக் கட்டுறோம்கிறதுதான் விஷயம்.”

சின்னப் பையன் பேசுகிற பேச்சா இது? பதில் தோன்றாததால் வயதைப் பயன்படுத்தினேன். “நீ பொறக்கறதுக்கு முன்னாடி அல்டிமா 4ன்னு ஒண்ணு வந்துச்சு, தெரியுமா?”

1985இல் ரிச்சர்ட் கேரியட் செய்தது. கொல்ல வேண்டிய பெரிய வில்லன் என்று யாரும் கிடையாது. எட்டு நற்குணங்களைக் கடைப்பிடித்து ‘அவதார்’ ஆக வேண்டும். ஆமாம், நம் அவதாரம்தான். அதில் மூலிகை விற்பவர்களுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறாய் என்று நம்மிடமே கேட்பார்கள். ஒரே ஒரு காசு வைத்துவிட்டுப் பை நிறைய அள்ளிக்கொண்டு வரலாம். போலீஸ் வராது, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆட்டம் சத்தமில்லாமல் எங்கோ எழுதி வைத்துக்கொள்ளும். எங்கள் பாட்டி சொன்ன சித்திரகுப்தன் அமெரிக்காவில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

“நீங்க சரியாக் குடுத்தீங்களா மாமா?”

“அது பழைய கதை. விடு.”

அவன் விடவில்லை. எனக்கு நடந்த பெரிய அவமானத்தை நினைவூட்டினான். அவன் பேச்சைக் கேட்டுத் தள்ளுபடியில் வாங்கிய கிங்டம் கம்: டெலிவரன்ஸ். செக் நாட்டுக்காரர்கள் 2018இல் வெளியிட்டது. 1403ஆம் ஆண்டு பொஹீமியா, மந்திரமும் கிடையாது, டிராகனும் கிடையாது. நாயகன் ஹென்றி, கொல்லர் மகன். வாள் பிடிக்கத் தெரியாது, குடிகாரனிடம்கூட அடி வாங்குவான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு புத்தகம் கிடைத்தது, ஆவலாகத் திறந்தேன். எழுத்தெல்லாம் முன்பின்னாகக் கலைந்து கிடந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா. ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது.”

தமிழில் எம்.ஏ. படித்தவன் நான். ஒரு பையனின் உடம்புக்குள் கைநாட்டாக நின்றேன். ஊழித்ஸ் என்ற ஊரில் ஒரு எழுத்தரைப் பிடித்து, காசு கொடுத்து, அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டேன். மெல்ல மெல்ல எழுத்துகள் தம் இடத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் பட்டமளிப்பு விழாவில்கூட அப்படி இல்லை. குளிக்காமல் போனால் ஊரார் முகம் சுளிப்பார்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு சாராயம் குடிக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கையைத் தேடிப் போய்த் தூங்க வேண்டும். நான் பாதுகாப்பு விரும்பி. ஆகவே என் ஹென்றி பாதி நாள் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. என் முகத்துக்கு நேரே ‘உன்னால் முடியாது’ என்று சொன்ன ஆட்டம் அதுதான். 11-11-2011 அன்று வெளிவந்த ஸ்கைரிம் என்னிடம் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறதா? வாசலில் சின்ன மந்திரம் ஒன்று போட்டுக் காட்டினேன், மந்திரக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நானே அதன் தலைவர். வீரர் சங்கத்துக்கும் நானே தலைவர், திருடர் சங்கத்துக்கும் நானே. கொலைகாரர் கூட்டத்திலும் எனக்குத்தான் முதல் மரியாதை. எங்கள் ஊரில் கோயில் கமிட்டி, மனமகிழ் மன்றம், நடைப்பயிற்சியாளர் சங்கம் மூன்றுக்கும் ஒருவரே தலைவர். அவர்கூட ஒரு தேர்தலில் தோற்றிருக்கிறார்.

ஸ்கைரிமுக்கு அண்ணன், 2002இல் வந்த மாரோவிண்ட் இப்படி இல்லை. திறமை போதாது என்றால் சங்கத்தில் பதவி உயர்வு கிடையாது. மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் அடைபடும். கதைக்கு முக்கியமானவரைக் கொன்றால் விதியின் இழை அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, பழைய சேவுக்குப் போ, இல்லை நீ கெடுத்த உலகத்திலேயே கிட என்று விட்டுவிடும். ஸ்கைரிமில் அப்படிப்பட்டவர்களைக் கோடாலியால் வெட்டினாலும் ஒரு முட்டி போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவர் கண்ணெதிரேயே கடையைக் காலி செய்யலாம். செய்திருக்கிறேன்.

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. மாப்பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள மனமில்லாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அப்படி என்னதான் இருக்கு அதுல? நகருங்க.”

திரையில் ஸ்கைரிம், ஒயிட்ரன் நகரத்து என் வீடு. அவள் முதலில் கேட்டது, “வீடா இது?” தரையெல்லாம் பாலாடைக்கட்டி. அடுத்து பையைத் திறந்தாள். “ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ‘திருடினது’ன்னு எழுதியிருக்கே, என்ன அது?”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், வாளி உட்பட.

அவள் எதுவும் பேசவில்லை. எந்த பட்டன் என்று அவனிடம் கேட்டுக் கேட்டு, நேரே அந்தக் கடைக்கு நடந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தாள். ஆட்டம் அதற்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. கடைக்காரர் நன்றி சொல்லவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து தட்டுகளை மேஜையில் அடுக்கினாள். ஒரு தட்டை வைத்தால் இரண்டு கரண்டி பறந்தது. பொறுமையாக மறுபடி வைத்தாள். வெளியே டிராகன் உறுமும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தே பார்க்கவில்லை. “நமக்கெதுக்கு அதெல்லாம்” என்றாள்.

“அத்தைதான் மாமா ஆர்பிஜி ஆடுறாங்க” என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னான்.

கடைசியில் அடுப்படிக்கு வந்தாள். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயத்தாள் மாதிரி இன்னொன்று. நாலும் சேர்ந்தால் காய்கறி சூப்பு. பட்டியலை இரண்டு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உப்பு எங்க?”

“உப்பு வேண்டாம் அத்தை. இந்த நாலு மட்டும்தான்.”

“பைக்குள்ள உப்பு இருக்குதே. கொஞ்சம் போடறேனே.”

“போட முடியாது அத்தை.”

“ஏன் முடியாது?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.