பைலட் சுடர் அணைதல்: ஓர் அளவையியல் விசாரணை

குளிர்நாட்டு வீடுகளின் கூடத்தில் நிற்கும் கேஸ் கணப்புக்குள், பெரிய தீ எரிந்தாலும் எரியாவிட்டாலும், சிறிய நீலச் சுடர் ஒன்று ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். அதற்குப் பைலட் என்று பெயர். பெரிய பர்னர் கேட்கும்போது தீ கொடுப்பது அதன் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் சும்மா எரிய வேண்டும். இந்த எளிய வேலையைக்கூடச் செய்யாமல் அது அடிக்கடி அணைந்துபோவதாகக் குளிர்காலந்தோறும் முறையீடுகள் எழுகின்றன. அவை அனைத்தும் சுடரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. இக்கட்டுரை நிறுவ முயல்வது வேறு. நெருப்பு இருக்கிறது என்பதற்கு இடைவிடாமல் ஆதாரம் கேட்கும் ஓர் அமைப்பு அங்கே இருக்கிறது. அந்த ஆதாரம் வந்து சேராதபோது அது தீயை அணைத்துவிடுகிறது. ஆகவே சுடரின் குணத்தை ஆராய்வதை விட்டு, ஆதாரம் எந்த இடத்தில் அறுந்தது என்று தேடினால்தான் பழுது பிடிபடும்.

தருக்க மரபில் நெருப்புக்கு அசைக்க முடியாத ஓர் இடம் உண்டு. மலையில் புகை தெரிவதால் அங்கே தீ இருக்கிறது என்று துணிவது, அனுமானத்துக்கு, அதாவது கருதல் அளவைக்கு, எல்லாரும் காட்டும் உதாரணம். பௌத்த அளவையியலை விளக்கும் இடத்தில் மணிமேகலையும் அதைக் கையாள்கிறது. கருதல் அளவைக்கு நம்மவர்கள் கொடுத்த இந்த மரியாதையைக் கணப்பைச் செய்தவர்கள் கொடுக்கவில்லை. அவர்களுடைய பயம் நியாயமானது: சுடர் இல்லாதபோது குழாய் திறந்திருந்தால் எரியாத வாயு வீட்டை நிரப்பும். ஆகவே நேரில் கண்டறியும் காட்சி அளவை ஒன்றே செல்லும் என்று முடிவு கட்டி, தீயைத் தொட்டுக்கொண்டே நிற்கும் சாட்சி ஒன்றை நியமித்தார்கள். அதுதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து அந்த முனையைச் சுடரில் வைத்தால் 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் பிறக்கும். அந்தச் சொற்ப மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் சிறு மின்காந்தத்தை உயிர்ப்பிக்கிறது. காந்தம் வால்வைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மூடிய வால்வை இழுத்துத் திறக்கும் வலு அந்தக் காந்தத்துக்குக் கிடையாது. திறந்ததை விடாமல் பிடிக்கும் வலு மட்டுமே உண்டு. முதலில் திறந்து கொடுப்பது, திருகை அழுத்திப் பிடிக்கும் மனித விரல். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ விரல் பொறுத்திருந்தால் சாட்சி சூடாகி வாய் திறக்கும். பிறகு விரல் விலகலாம்.

இந்தச் சாட்சியைத் தவறாகப் புரிந்துகொள்வது அது பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. தாமஸ் யோஹான் சீபெக் 1821இல் இரு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கியபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்பம் நேராகக் காந்தத்தைப் பிறப்பிக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இடையில் ஓடுவது மின்சாரம் என்று திருத்தியவர் இயற்பியலர் எர்ஸ்டெட். கண்டுபிடித்தவரே கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நடுவிலிருந்ததைத் தவறவிட்டார் என்றால், இருமலோடு தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்க்கும் வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆதாரம் எங்கே அறுந்தது என்பதைச் சுடர் அணையும் நேரமே சொல்லிவிடும். திருகை அழுத்திக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் சாட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாயுவோ காற்றோ போதவில்லை. பைலட்டின் நுண்துளையில் தூசி அடைத்திருக்கலாம், சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். சிலந்தியைச் சேர்ப்பது வேடிக்கைக்காக அன்று: 2011இல் மாஸ்டா நிறுவனம் பெட்ரோல் ஆவிக் குழாயில் வலை பின்னிய ஒரு சிலந்தி இனத்துக்காகவே வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அடைத்த பைலட் துளையை ஊசியால் குத்தினால் அது பெரிதாகிவிடும். அழுத்தக் காற்றால் ஊதுவதே முறை. இனி, விரலை எடுத்ததும் அணைந்தால் அறுந்த இடம் சாட்சி. முனையில் கரி படிந்திருக்கும், அல்லது வால்வோடு சேரும் மரை தளர்ந்திருக்கும், அல்லது சுடர் சோம்பி மஞ்சளாகி முனையைச் சரியாகத் தழுவாமல் இருக்கும். நல்ல சுடர் நீலமாக நின்று முனையின் மேற்பகுதியை, ஏறக்குறைய அரை அங்குலம், போர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டுமின்றி, நன்றாக எரிந்துவிட்டுக் காற்றடிக்கும் இரவில் அணைந்தால் புகைபோக்கி வழியே இறங்கும் காற்றையும், வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியையும் விசாரிக்க வேண்டும். பெரிய பர்னர் பற்றும் கணத்தில் மட்டும் அணைந்தால் வாயு அழுத்தம் குறைகிறது என்று பொருள். இயற்கை வாயுவுக்கு 7 அங்குலம், புரோப்பேனுக்கு 11 அங்குலம் நீர்மட்ட உயரத்துக்குச் சமமான அழுத்தம் வழக்கம்.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம் சிக்கனக்காரர்களுடையது: தெர்மோகப்பிள் விலை குறைவு, புதிதாக ஒன்றை மாட்டிவிட்டால் ஆய்வு எதற்கு? மாட்டலாம், பல வேளைகளில் பலிக்கவும் செய்யும். ஆனால் அடைத்த துளைக்கு எதிரில் எத்தனை புதிய சாட்சியை நிறுத்தினாலும், பார்க்காத தீயைப் பார்த்ததாக அவை சொல்லப் போவதில்லை. இரண்டாவது வாதம் முரடர்களுடையது: திருகை ஒரேயடியாக அழுத்திக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. தீரும், சாட்சியை விலைக்கு வாங்கிய வழக்கு தீர்வதுபோல. சுடர் உண்மையாகவே அணையும் இரவில் வாயுவை நிறுத்த ஆளிருக்காது. மேலும் சில வகைக் கணப்புகளில் அணைவதே கடமை. புகைபோக்கி இல்லாத ஹீட்டர்களின் பைலட், அறைக் காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய 18க்கு இறங்கினால் முனையை விட்டு எழும்பி, தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்படி அமைந்தது. அத்தகைய பைலட் திரும்பத் திரும்ப அணைகிறது என்று எரிச்சல்படுகிறவர், தம் உயிரைக் காப்பாற்றியதற்காக அதன்மேல் புகார் எழுதுகிறார். அவர் செய்ய வேண்டியது காற்றோட்டத்தைச் சரிபார்ப்பது.

மூன்றாவது வாதம் நவீனர்களுடையது: மின்பொறியால் பற்றவைக்கும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், சும்மா எரிந்து வாயுவைத் தின்னும் சுடர் எதற்கு? வீண்செலவு என்பது உண்மை. ஆனால் பழைய முறை தன் ஆதாரத்தைத் தானே தயாரிக்கிறது. பல தெர்மோகப்பிள்களைக் கோத்த தெர்மோபைல் அரை வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, வெளி மின்சாரம் இல்லாமலே பெரிய பர்னரையும் இயக்கிவிடும். 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் பனிமழை மின்கம்பிகளைச் சாய்த்தபோது லட்சக்கணக்கானோர் நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், மின்சாரமின்றி இருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் அந்தச் சோம்பேறிச் சுடரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆக, காட்சியைத் தவிர வேறெதையும் நம்பாத இந்தக் கருவியிடம் நாமும் கருதலைக் கைவிட்டு, நேரத்தையும் நிறத்தையும் முனையையும் நேராகப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று. இயற்கை வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற வாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் மாண்ட பிறகே அதில் நாற்றம் கலப்பதைச் சட்டம் கட்டாயமாக்கத் தொடங்கியது. அந்த நாற்றம் வரும் வீட்டில் காட்சி அளவையைத் தேடித் தீக்குச்சி கிழிக்கக் கூடாது; சுவிட்சையும் தொடக் கூடாது. நாற்றம் இருக்கிறது, ஆகவே வாயு இருக்கிறது, ஆகவே ஆய்வாளர் அங்கே இருக்கக் கூடாது.